யார் கூடப் பார்க்குக்குப் போனே?

போகாத இடத்துக்குப் போனதாக, உட்காராத பெஞ்சில் உட்கார்ந்ததாக, அதையும் திக்காமல் திணறாமல் இங்கிலீஷில் சொல்ல வைப்பதுதான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியாரின் வேலை. அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துச் சம்பளம் வாங்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோவில்பட்டியில் ஒரு மாடிச் சென்டரில் ஒன்றரை வருஷமாக நான் இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அதனால் எந்த வாக்கியத்தையும் வாய்க்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன்.

இங்கே சொல்வதெல்லாம் போன பேட்ச்சில் நடந்தவை. அதில் முத்துச்செல்வி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். சொந்த ஊர் குளத்தூர்ப் பக்கம், வேலை கோவில்பட்டி ஆஸ்பத்திரி ஒன்றில், தங்கல் ஹாஸ்டலில். வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் தேர்வில் எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாம் தேறி, பேசுவதில் மட்டும் அரை மார்க்கில் விட்டிருந்தாள். அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி அவளுக்காக இன்னும் ஒரே ஒரு தேர்வு வரை காத்திருக்கச் சம்மதித்திருந்தது. இந்தத் தடவையும் விட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த அரை மார்க் என் பொறுப்பு.

நாலு வரிப் பதில்

பேச்சுத் தேர்வில் பூங்காவைப் பற்றிக் கேட்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அடிக்கடி பார்க்குக்குப் போவீர்களா, யாருடன், எதற்கு என்று கேள்விகள் வரும். மாதிரிப் பதில் எழுதித் தரும்படி சென்டர் ஓனர் அண்ணாச்சி சொன்னார். எங்கள் ஊர்ப்பக்கம் வாசலைத் தாண்டினால் கரிசல் காடுதான். பருத்தியும் உளுந்தும் சோளமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அதில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் மறுபடி வெளியில் போய் உட்கார இடம் தேட மாட்டார்கள். ஆகவே, “நான் பார்க்குக்குப் போவதில்லை” என்று உண்மையை ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன்.

அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு வரியாவது பேசினால்தான் மார்க் என்றார். வேறு வழியின்றி, ஞாயிறுதோறும் மாலையில் என் நெருங்கிய ஃபிரண்டுடன் பார்க்குக்குப் போவேன், பெரிய மரத்தின் அடியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவோம், மனசு லேசாகிவிடும் என்று எழுதினேன். இது பொய்யில்லையா என்று தயங்கியபோது, அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “ஏலே, அவிய பரீட்சை வைக்கது இங்கிலீஷுக்கு. நீ பார்க்குக்குப் போனியான்னு பார்க்க இல்ல.”

சன்னலைச் சாத்துங்க

என் தாளுக்கு வந்த முதல் எதிர்ப்பு பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவரிடமிருந்து. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வர அவருக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டது. மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து வருவார். அஞ்சே நாளில் தாளை மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால், சத்தமாகச் சொல்லச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்கிறார். எங்கள் வகுப்புச் சன்னல் நேரே பஜாரைப் பார்த்திருக்கும்.

கூச்சம் என்று நினைத்து நானும் தைரியம் சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்துபோய்க் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். “சன்னலைச் சாத்துங்க தம்பி. நான் சாயங்காலம் மரத்தடியில உட்காந்து பேசுதேன்னு பஜார்ல ஒருத்தன் காதுல விழட்டும், கடைய எப்ப மூடுனீங்கன்னு துக்கம் விசாரிக்க வந்துருவான்.”

பெரிய மரம்

மாதிரித் தேர்வு வைத்தேன். பேட்ச்சில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் ஞாயிறு மாலை அதே பார்க்கில், அதே மரத்தடியில், அதே ஃபிரண்டுடன் மனசு லேசாகிக் கொண்டிருந்தார்கள். மனப்பாடம் என்று தெரிந்தால் தேர்வு வைப்பவர் குறுக்குக் கேள்வி கேட்பார். நானே கேட்டுப் பார்த்தேன்: அது என்ன மரம்?

முத்துச்செல்வி கொஞ்சமும் யோசிக்காமல் சீமைக்கருவேல மரம் என்றாள். முள்ளு மரத்தடியில் யாராவது மணிக்கணக்கில் உட்காருவார்களா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “பெரிய மரம்னு நீங்கதான சார் எழுதிக் கொடுத்தீங்க? எங்க பக்கம் பெருசா வளந்து நிக்கது அது ஒண்ணுதான்.”

ஒரே வாக்குமூலம்

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. முத்துச்செல்வி இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போனாள். வீட்டிலிருந்தே தினமும் பதிலைப் பேசி எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவளும் அடுப்படியில் நின்று, தடுக்கிய இடமெல்லாம் அழித்து அழித்துத் திரும்பப் பேசியிருக்கிறாள்.

அவள் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சண்டே தெரியும், ஃபிரண்டு தெரியும், பார்க் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் டியூட்டி என்று சொல்லித்தான் மகள் ஊருக்கு வராமல் இருக்கிறாள் என்பதும் தெரியும். ஏழு தடவை கேட்டும் ஒரு வார்த்தை மாறாத வாக்குமூலம். போனைப் பிடுங்கி, மெசேஜ் போன நம்பருக்கே போட்டுவிட்டார். நான் பயபக்தியாக ஹலோ சொன்னேன். “எம் மக கூட ஞாயித்துக்கிழமை பார்க்குக்குப் போற ஃபிரண்டு நீதானாலே?”

ஆள் யாரென்று தெரியாமல்

மறுநாள் காலை அம்மா, பெரியம்மா, நடுவில் அழுது முகம் வீங்கிய முத்துச்செல்வி மூவரும் மாடி ஏறி வந்தார்கள். ஓனர் அண்ணாச்சி டீ குடிக்க இறங்கியவர், அன்று மத்தியானம் வரை குடித்தார். பரீட்சையும் வேண்டாம் வெளிநாடும் வேண்டாம், பிள்ளையை ஊரோடு கூட்டிப் போகிறோம் என்றார் அம்மா. நான் மாதிரித் தாளை எடுத்துக் காட்டி, இது நடந்ததில்லை, நான் எழுதியது, பன்னிரண்டு பேருக்கும் இதே தாள்தான் என்று விளக்கினேன்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அந்த ஃபிரண்டு ஆம்பளையா பொம்பளையா என்று அம்மா கேட்டார். பொம்பளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் உண்மையைச் சொன்னேன்: எழுதும்போது அதை யோசிக்கவில்லை. பெரியம்மா தங்கையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “படிச்ச பிள்ளையப் பாரு. ஆளு யாருன்னே தெரியாம பன்னெண்டு பேர அனுப்பி வச்சிருக்காரு.”

வாட்ச்மேன் சாட்சி

கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னார். பார்க்குக்கு ஒரு வாட்ச்மேன் இருப்பான். அடிக்கடி வருகிற முகம் அவனுக்குத் தெரியும். அவனிடம் கேட்டால் ஆயிற்று. வாட்ச்மேன் பார்த்ததில்லை என்றால் மகள் பரீட்சை எழுதலாம். நாலு பேரும் ஆட்டோவில் டவுன் பார்க்குக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு வேர்த்தது. அதற்குக் காரணம் உண்டு.

வாட்ச்மேன் முத்துச்செல்வியை நிதானமாகப் பார்த்து, இந்தப் பிள்ளை வந்ததே இல்லை என்றார். அம்மா மூச்சு விட்டார். அப்புறம் வாட்ச்மேன் பார்வை என்மேல் வந்து நின்றது. மரத்தைப் பற்றிய சந்தேகம் தீர, முந்தின வாரம் நான் அங்கே வந்து போயிருந்தேன். “இந்தச் சாரு வந்திருக்காரு. தனியாத்தான். நோட்டு வச்சு ஒவ்வொரு மரமா எண்ணிட்டுப் போனாரு. வீட்ல என்ன கஷ்டமோன்னு நானும் ஒண்ணும் கேட்டுக்கிடல.”

அதற்குப் பிறகு பெரியம்மா என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். வந்ததுதான் வந்தோம் என்று உள்ளே போய் உட்கார்ந்தோம். ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்துப் புல்தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா அதையே ரொம்ப நேரம் பார்த்திருந்துவிட்டு, இதில் ஆடு விடுவார்களா என்று என்னிடம் கேட்டார். விட மாட்டார்கள் என்றேன். “அப்ப ஒரு வாயும் கடிக்காத புல்லுக்கா இம்புட்டுத் தண்ணி? எங்க ஊரு உளுந்து காயுது, அத யாரு பார்க்கா?”

மதுரையில் நடந்தது

தாளை நான் கிழித்துப் போட்டேன். ஓனர் அண்ணாச்சிக்கு அதில் வருத்தம்தான். முத்துச்செல்வியிடம், கேட்டதற்கு நடந்ததை மட்டும் சொல் என்று சொல்லி அனுப்பினேன். மதுரையில் அவளுக்குப் பேச்சுத் தேர்வு வைத்தது ஒரு பெண்மணி. நம்பிக்கை வீண் போகவில்லை. இரண்டாவது கேள்வியே பார்க். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், அம்மா, பெரியம்மா, வாத்தியார் மூவரோடும், நான் போனதே இல்லை என்பதை நிரூபிப்பதற்காகப் போனேன் என்று முத்துச்செல்வி சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டாராம். வாய்ஸ் மெசேஜ், வாட்ச்மேன், குழாய்த் தண்ணீர், ஆடு என்று இவள் பாட்டுக்குப் போயிருக்கிறாள். எத்தனையோ இடத்தில் வார்த்தை கிடைக்காமல் கையைக் காட்டியும் சொன்னாளாம். ஆனால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்து எனக்குப் போன் போட்டாள். “சார், மனப்பாடம் பண்ணுனத யோசிச்சு யோசிச்சுப் பேசுவேன்லா. இன்னைக்கு அவிய டைம் ஆச்சுன்னு சொல்லித்தான் நிப்பாட்டுனேன்.”

பங்கு

ரிசல்ட் வந்தது. வேண்டிய அரை மார்க்குக்கு மேலே இன்னொரு அரை மார்க். வெளிநாட்டு ஆஸ்பத்திரியும் கடிதம் அனுப்பிவிட்டது. நல்ல செய்தியைச் சொல்ல முத்துச்செல்வி கூப்பிட்டபோது, பாதியிலேயே அம்மா போனை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, பதிலுக்குச் சொல்ல ஒரு நல்ல வாக்கியத்தை நான் வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு வேறொரு கணக்குத் தெரிய வேண்டியிருந்தது. “சந்தோசம் சார். ஆனா அவ சொன்ன கதையில பாதி நான் பேசுனதுலா? அந்த மார்க்குல எம் பங்கு எம்புட்டுன்னு பிரிச்சுச் சொல்லுங்க, அக்கா கேக்கா.”

நான் சொல்லிக் கொடுத்த பொய்யைப் பன்னிரண்டு பேர் பிழையில்லாமல் சொன்னார்கள், சொல்லிக் கொடுக்காத உண்மையை ஒருத்தி தப்பும் தவறுமாகச் சொல்லித் தேறினாள், அவளுக்குப் பயிற்சி கொடுத்தவன் என்று சென்டர் வாசல் பேனரில் என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள்.