மலைக்கு வந்த கடல் தோணி

மாத்தளையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க நாலைந்து மணித்தியாலம் ஆகும். அப்படிப்பட்ட ஊரில் கடலில் துடுப்புப் போட்டு ஓட்டுகிற கயாக் தோணி ஒன்றைப் புத்தம் புதிதாக வாங்கி வைத்த முட்டாள் நான்தான். மஞ்சள் நிறம். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். எங்கள் வீட்டு முன்னறையைவிட நீளம்.

"மலையில இருக்கவனுக்கு எதுக்குடா கடல் தோணி?" என்று அம்மா கேட்டாள். தம்பியை ஊரில் பிடித்து வைக்கத்தான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

தம்பி கிழக்குக் கரையில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களைக் கயாக்கில் கூட்டிப்போகிற வேலையில் இருந்தான். ஹோட்டலை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் என் குஷன் கடையில் ஓட்டோ சீட்டுகளுக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டும்போதெல்லாம் போனில் யாரோ கூட்டாளியோடு பேச்சு. மீன்பிடி ட்ரோலரில் ஒளித்து ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிப்போகிற கதை அது. அது காதில் விழுந்த நாளிலிருந்துதான் எனக்குக் கயாக் பைத்தியம் பிடித்தது. தண்ணீர்தானே வேண்டும், நாவுலைக்கு அப்பால் அணை கட்டித் தேக்கிய தண்ணீரே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கிடக்கிறதே, சுற்றுலா வருகிறவர்களை அங்கே கூட்டிப்போய்ப் பிழைத்துக்கொள்வான் என்று மனக்கோட்டை கட்டினேன்.

புது வாகனம் வந்தால் கோயிலில் பூசை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால்தான் எங்கள் ஆட்களுக்கு மனம் ஆறும். கயாக்கைத் தூக்கிப்போய்க் கோயில் வாசலில் வைத்தோம். குருக்கள் கையில் நாலு பழத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டயர் இல்லாத வண்டிக்கு இத எங்கங்க வைக்கிறது?"

அடியில் வைத்தோம். நசுங்கட்டும் என்று தம்பியும் நானும் ஏறி உட்கார்ந்தோம். பழம் நசுங்கவில்லை, உருண்டது. வாசல் சரிவில் எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு கயாக் வழுக்கிப்போய்ச் செருப்புக் குவியலில் முட்டி நின்றது. குருக்கள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் ஒரு பழத்தைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன லொறியில் கட்டி நாவுலைப் பக்கம் கொண்டுபோனோம். எங்களிடம் லைஃப் ஜாக்கெட் இரண்டு. ஒன்று கயாக்கோடு வந்த புதுசு. மற்றது தம்பி ஹோட்டலிலிருந்து கொண்டுவந்த பழசு. அதன் வயிற்று வார் கொக்கியோடு அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அவன் புதுசை எனக்குப் போட்டு இறுக்கிவிட்டான்.

"நீ முங்குனா அம்மா என்னயக் கொன்னுரும்ணே."

"அந்த வார நாளைக்கித் தச்சித் தாரேன்" என்றேன்.

அவன் முன்னால், நான் பின்னால். "கையால வலிக்காதண்ணே, இடுப்பால வலி" என்றான். அரை மணித்தியாலத்தில் பிடிபட்டது. அவன் தோள் திரும்பும்போது என் தோளும் திரும்பியது. துடுப்பை நிறுத்தினாலும் கயாக் நிற்கவில்லை, சத்தமில்லாமல் தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீரில் நின்று பட்டுப்போன மரங்களுக்கிடையில் நுழைந்து வந்தோம். நீர்க்காகங்கள் எங்களைச் சட்டை செய்யவில்லை. பிறந்ததிலிருந்து ஏற்றமும் இறக்கமுமாகவே நடந்த காலுக்கு, உலகத்தில் இவ்வளவு மட்டமான இடம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினோம். "பாட்டன் இந்தியாவுலருந்து கடல் தாண்டி வந்தப்ப நம்மளக் கள்ளத்தோணின்னு ஏசினானுங்க. இப்பதாண்ணே நமக்குன்னு ஒரு தோணி வந்திருக்கு" என்றான். இரண்டு பேரும் கயாக் ஆடுமளவு சிரித்தோம். பிறகு அவன் விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தான்.

"உப்பு இல்லண்ணே."

"நாளைக்கி ஒரு பாக்கெட் கொண்டாந்து கொட்றேன்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அதற்கு அவன் சிரிக்கவில்லை.

இன்னும் நாலு ஞாயிறு போனோம். ஆட்களை ஏற்றிப்போக அனுமதி கேட்டு அலைந்தேன். ஒவ்வொரு இடத்திலும் இன்னோர் இடத்தைக் கைகாட்டினார்கள். ஒரு கடிதமும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவன் அந்த அறுந்த வாரை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, "ஊர் சீட்டெல்லாம் தைக்கிற, இந்த ஒரு வாருக்கு ஒனக்குக் கை வரலையேண்ணே" என்பான். நாளைக்கு என்பேன். கடையில் சீட்டுகள் குவிந்து கிடந்தன, அதுதான் என் சாக்கு.

பிறகு ஒரு நாள் கொழும்பில் வேலை என்று சொல்லி, ஒரு பையோடு காலை பஸ்ஸில் போனான். மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை. கயாக்கையாவது துடைக்கலாமென்று கடைக்குப் பின்னால் போனேன். துடுப்புகள் இரண்டும் இருந்தன. லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. கொழும்பு வேலைக்கு எவன் லைஃப் ஜாக்கெட் கொண்டுபோவான்? ஆணியில் தொங்கியது புதுசு. நீச்சல் தெரியாத அண்ணனுக்கு நல்லதை விட்டுவிட்டு, அறுந்ததை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறான்.

மாதங்கள் ஓடிவிட்டன. ஒரு தகவலும் இல்லை. வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அன்றைக்குப் பழம் நசுங்கவில்லை, அதனால்தான் என்று அம்மா தினமும் சொல்லி அழுகிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. தையல் மெஷினில் ஐந்து நிமிட வேலை அது. வாரைப் பற்றி அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.