ராபர்ட் பெயரில் ஆடிய அண்ணன்

ஹெப்பகோடியில் நான் வேலை செய்யும் கம்பெனி கேன்டீனில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். போன வாரம் மேசை துடைக்கும்போது அதில் ஏதோ வெளிநாட்டு மேட்ச் ஓடியது. ஐஸ் மேல் ஹாக்கி. காலில் கத்தி மாதிரி எதையோ கட்டிக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் சுவரோடு சேர்த்து இடிக்கிறான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் பார்த்தால் ஒவ்வொருத்தன் முதுகிலும் அவனவன் பெயர், கொட்டை எழுத்தில். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு பெயரைக் கூட்டி முடிப்பதற்குள் அவன் ஓடிவிடுகிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கையிலிருந்த மேசைத் துணியாலேயே. சாம்பார் எரிந்தது.

என் அண்ணன் செல்வமும் ஹாக்கிக்காரன்தான். செத்து நாலு மாசம் ஆகிறது.

சாம்பார் என்றால் ராபர்ட் அண்ணன் ஞாபகம் வரும். அப்போது எங்கள் வீட்டுப் பக்கத்து ஃபேக்டரியில் பர்மனென்ட் வேலை அவருக்கு. ஹாக்கி கோட்டாவில் சேர்ந்தவர், ரெண்டே வருஷத்தில் முட்டி போய்விட்டது. மேட்ச் அன்றைக்குக் காலையில் மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா வைத்த சாம்பாரில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, தன் ஜெர்சியையும் ஐடி கார்டையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போவார். டோர்னமென்ட்டில் ஃபேக்டரி ஆட்கள்தான் ஆடலாம் என்று ரூல். ஃபேக்டரி ஆட்களுக்கோ ஓட முடியாது. அதனால் எங்கள் ஏரியா பையன்கள் அவர்கள் பெயரில் ஆடுவார்கள். எதிர் டீமிலும் இதே கதைதான், அதனால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். கார்டு போட்டோவில் இருக்கிற மீசை மாதிரி அண்ணனும் ஒன்று வளர்த்தான். சகிக்காது.

"கோல் போட்டா பேப்பர்ல என் பேர் வருதுடா மச்சான், எங்க மாமியார் வீட்ல மரியாதை கூடிப்போச்சு" என்பார் ராபர்ட் அண்ணன்.

"அப்போ உங்க மாமியாரையே வந்து ஆடச் சொல்லு" என்பான் இவன்.

கிரவுண்டில் எல்லாரும் அவனை ராபர்ட் என்றுதான் கூப்பிட வேண்டும். நானும்தான். எனக்கு அப்போது பதினொரு வயசு. வேலியைப் பிடித்துக்கொண்டு "ராபர்ட்! ராபர்ட்!" என்று கத்துவேன். விளையாட்டாக இருந்தது. அடுத்த சீசன் உன் பேரிலேயே ஆடலாம், வேலையும் வாங்கித் தருகிறேன் என்று ஃபேக்டரி டீம் கேப்டன் மூன்று வருஷம் சொன்னார். அண்ணனுக்கு அது ஒன்றுதான் வேண்டும். தன் பெயரில் ஒரு வேலை.

மூன்றாவது வருஷம் செமி ஃபைனலில் எவனோ ஸ்டிக்கால் அண்ணன் முட்டியில் போட்டான். எங்களுக்குச் சேதி வருவதற்குள் அவனைக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். அம்மாவும் நானும் அங்கே ஓடினோம். அம்மா கவுன்டரில் செல்வம் என்று கேட்டாள்.

"ஆ ஹெசரல்லி யாரூ இல்லம்மா" என்றான் உள்ளே இருந்தவன், கன்னடத்தில்.

அந்தப் பெயரில் யாரும் இல்லையாம். அம்மா செத்துத்தான் போய்விட்டான் என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் சட்டென்று சொன்னேன், "ராபர்ட்". உடனே பெட் நம்பர் கிடைத்தது. நெற்றி நிறைய குங்குமத்தோடு அம்மா ராபர்ட்டின் அம்மாவாக உள்ளே போனாள். நான் ராபர்ட்டின் தங்கச்சி.

ஆபரேஷனும் அந்தப் பெயரிலேயே நடந்தது. பன்னிரண்டு நாள் நிஜ ராபர்ட் வேலைக்குப் போக முடியாமல் சிக் லீவில் வீட்டிலேயே ஒளிந்துகொண்டிருந்தார். இருட்டின பிறகு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து அழுதார்.

"அழாதண்ணா. நீ லீவை அனுபவி, நான் வலியை அனுபவிக்கிறேன்" என்றான் அண்ணன்.

அதுக்கப்புறம் கேப்டன் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. ஃபேக்டரியில் போய்க் கேட்டால் "நீ யாருப்பா?" என்றார்கள். காயம் பட்டதற்கும் ஒரு காகிதம் இல்லை. காகிதமெல்லாம் ராபர்ட்டுக்கு. அண்ணன் கொரியர் குடோனில் மூட்டை ஏற்றினான். முட்டி வலிக்குக் குடித்தான், அப்புறம் வலி இல்லாமலும் குடித்தான். அன்றைக்குக் கவுன்டரில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால், ஏதாவது மாறியிருக்குமா? உங்களைத்தான் கேட்கிறேன். எனக்கு இதைக் கேட்க வேறு ஆள் இல்லை.

செத்த அன்றைக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போனேன். "பேருக்குக் கீழ என்னக்கா போடணும்?" என்றான் கடைக்காரப் பையன்.

"ஹாக்கி வீரர்னு போடு."

கூட வந்திருந்த அம்மா என் கையைப் பிடித்தாள். "வேணாம்டி பாப்பா. ஆடினது இவன்தான்னு எவனாவது கிளறினா, அந்த ராபர்ட் பென்ஷன்ல கை வச்சிடுவாங்க. அவருக்கும் புள்ளைங்க இருக்கு."

"ஃபேக்டரியே மூடிட்டாங்கம்மா. கேக்க யாரு இருக்கா?"

"இருந்தாலும் வேணாம்."

ஃபேக்டரி இடத்தில் இன்றைக்கு இருபது மாடி அபார்ட்மென்ட். கிரவுண்ட் இருந்த இடம் அவர்களுக்குக் கார் பார்க்கிங். அவன் ஆடினதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மீதிப் பேரைக் கேட்டால் ராபர்ட் என்று ஒருத்தன் இருந்தான், பிரமாதமாக ஆடுவான் என்பார்கள்.

பேனரில் செல்வம் என்று போட்டு, கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டும் அடித்தோம்.