ஆயுத பூஜைக்குக் கழற்றிய டிஸ்க்

ஹரிகிருஷ்ணன் எங்கள் தீப்பெட்டி ஆலையின் மேனேஜர். அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. சுதாராணிக்கு அறவே பிடிக்காது. எட்டயபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் லினக்ஸ் சர்வரைக் கட்டி மேய்த்தவள் அவள். வாய் கொஞ்சம் நீளம். அதனால் மேனேஜருக்கு அவள்மேல் கடுப்பு.

"எது எங்கன இருக்குன்னு எல்லாத்தையும் எழுதிக் குடும்மா" என்றார் ஒருநாள். எழுதி வாங்கிக்கொண்டு, அவளை அனுப்பிவிட்டு, மச்சினன் மணிகண்டபிரபுவை உட்கார்த்தப் போகிறார் என்பது ஆலைக்கே தெரியும். மச்சினனுக்குக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடத் தெரியும். அவ்வளவுதான்.

அவளுக்கும் விஷயம் தெரியும். ஆனாலும் ஒழுங்காக எழுதினாள். வெளியே மாட்டும் டிஸ்க் சர்வரில் எந்த ஃபோல்டரில் மவுன்ட் ஆக, அதாவது இணைய வேண்டும், ஆன பிறகே லாரியில் போகும் லோடுகளைப் பதியும் புரோகிராமைத் தொடங்க வேண்டும், டிஸ்க் இல்லாமல் தொடங்கினால் பதிவெல்லாம் வெறும் ஃபோல்டரில் விழும், பிறகு டிஸ்க்கை மாட்டினால் அது மூடி போல மேலே உட்கார்ந்து அடியில் இருப்பதை மறைத்துவிடும் என்று விளக்கமாக எழுதியிருந்தாள்.

மேனேஜர் அந்தப் பகுதியை அப்படியே கோடு போட்டு அடித்தார். "சுவிட்சப் போட்டா ஓடுது. இதுக்கு எதுக்கு இம்புட்டுக் கத?" அந்த மாதமே அவளுக்கு வேலை போனது.

ஆயுத பூஜை வந்தது. மச்சினன் டிஸ்க்கைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன் வைத்தான். பூஜை முடிந்ததும் சர்வரை மட்டும் போட்டான். டிஸ்க் சாமி முன்னாலேயே கிடந்தது. பழைய பதிவு ஒன்று தேவைப்பட்டபோதுதான் ஞாபகம் வந்து எடுத்து மாட்டினான். பழையது வந்தது. பூஜைக்குப் பிறகு போன லோடு ஒன்றையும் காணோம்.

மேனேஜர் சுதாராணிக்குப் போன் போட்டார். "போறப்ப என்னத்தையோ செஞ்சு வச்சிட்டுப் போயிருக்க. வந்து எடுத்துக் குடு. இல்லன்னா நீ சேரப்போற மில்லுக்குச் சொல்லிருவேன்."

அந்த மில் வேலையை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. வந்தாள். புரோகிராமை நிறுத்தி, டிஸ்க்கை அன்மவுன்ட் செய்து அந்த மூடியை விலக்கினாள். காணாமல்போன லோடெல்லாம் திரையில் வரிசையாக நின்றன.

மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தியளா, எங்கன ஒளிச்சு வச்சான்னு அவளுக்குத்தான தெரியுது. மில்லுக்குச் சொல்லத்தான் போறேன்."

சுதாராணி டிஸ்க்கைத் திரும்ப மவுன்ட் செய்தாள். லோடெல்லாம் மறைந்தன. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இப்பந்தான் சார் ஒளிச்சிருக்கேன். இனி தாராளமாச் சொல்லுங்க."