ஒரு சைஸ் பெரிய சூட்

அந்தத் தையல்காரர் பிறத்தியார் போட்டுக் கழற்றிய உடுப்பைத் தொட்டதே இல்லை. தன் சட்டையைத் தானே தைத்துக்கொள்வார். மகளுக்கும் பதினெட்டு வயதுவரை அவர் கைத் தையல்தான். பிறகு அவள் முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலைக்கு, பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கும் கடற்கரைக்குப் போய்விட்டாள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிற பெண்ணுக்கு அப்பன் என்னத்தைத் தைத்துக் கொடுப்பது?

"ஒருநாள் வாங்கப்பா, உங்களத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று போனில் சொல்லிவிட்டுத்தான் எப்போதும் வைப்பாள். அந்த ஒருநாள் எந்த நாள் என்று சொல்ல மாட்டாள். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தவர், அவளிடம் மூச்சு விடாமல் முக்குளிப்புச் சாமான் விற்கும் கடைக்குப் போய்விட்டார்.

"மாஸ்க் மட்டும் சொந்தமா வாங்கிக்கோங்கண்ணே. சூட்டு, சிலிண்டரெல்லாம் அங்கயே வாடகைக்குக் கிடைக்கும்" என்றார் கடைக்காரர். வாரைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லிக் கையை எடுத்தார். அது பொத்தென்று விழுந்தது.

"மீசைதான் இடிக்குது. மேல ஒரு கோடு மழிச்சிட்டீங்கன்னா ஒட்டிக்கும்."

முப்பது வருஷத்து மீசை. அன்று சாயங்காலமே முழுசாக மழித்துவிட்டார். ஆசை அந்த அளவுக்கு இருந்தது.

ஆனால் வாடகை சூட்டு மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை. "ஊரே போட்ட துணியையா நான் போடறது?" என்று ஒன்றைச் சொந்தமாகவே எடுத்தார். சரியான அளவு மூச்சை முட்டியது. தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் புகாது என்று கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிதாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், சின்னதாக இருந்தால் என்ன செய்வது? தொழில் புத்தி யாரை விட்டது! ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, வீட்டில் தடித்த ஊசி மாட்டி, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார். கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது.

கடற்கரையில் சூட்டை மாட்டிக்கொண்டு நின்றவரைக் கண்ட மகள் ஓடி வந்தாள். "அப்பா! மீசை எங்கப்பா?" என்று சிரித்தவள், சூட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"நீங்களே பிடிச்சீங்களா?"

"ரெட்டைத் தையல். பிரியவே பிரியாது."

"பிரியாதுப்பா. ஆனா ஊசி போன ஓட்டை ஒண்ணொண்ணுலயும் தண்ணி வரும். குளிரும். வாடகை சூட்டு தரேன், மாத்திக்கோங்க."

"குளிர நான் பாத்துக்கறேன்" என்றார் வீம்பாக. ஆழம் அதிகமில்லாத இடம்தான், ஆபத்தில்லை என்பதால் அவளும் விட்டுவிட்டாள்.

முதல் தடவை இறங்குகிறவர் கையை விடக்கூடாது என்பது அங்கே விதி. அவர் அவள் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சுற்றிலும் மீன்கள் போய்க்கொண்டிருந்தன; அவர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் விலாவில் இறங்கியது. 'சரியா?' என்று அவள் விரலை வட்டமாக வளைத்துக் கேட்டாள். சரி என்று அவரும் வளைத்துக் காட்டினார். இல்லை என்றால் மேலே கூட்டிப்போய்விடுவாளே! இரண்டாம் தடவை அவள் கேட்டபோது அவர் விரல் நடுங்கியதில் வட்டமே வரவில்லை. அவள் அவரை மேலே கொண்டுவந்துவிட்டாள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம்.

கரையில் துண்டைப் போர்த்தி அவர் தலையைத் துவட்டினாள். "அடுத்த தடவ வாடகை சூட்டுதான், சொல்லிட்டேன்."

அடுத்த தடவை, அடுத்த வாரம் என்று தன் தையல் கடைக்கு வந்தவர்களிடம் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார்! தேதி இல்லாத வாக்கு எப்படிப்பட்டது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"என்னைக்கும்மா?" என்றார், பல் தந்தியடிக்க.

அவள் துவட்டுவதை நிறுத்திவிட்டு, போனை எடுத்துக் காலண்டரைத் திறந்தாள்.