பிரேக்கு புடிக்கல

விளக்கெண்ணெய் என்றால் உங்களுக்கெல்லாம் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய பேதி மருந்து ஞாபகம் வரும். எனக்கோ, கொதிக்கும் எஞ்சினில் கருகி, மாசி வெயிலில் தார் மணத்தோடு கலந்து, கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு புகைதான் ஞாபகம் வரும். ரேஸ் வண்டிகளுக்கு அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் கலந்த ஆயிலைத்தான் ஊற்றுவார்கள். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டு அப்படியே விட்டுவிட்டுப் போன சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் முடிந்து, கல்கத்தா ரோட்டில் லாரி ஏறி, கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு வாசலில் நைனா இறங்கும்போது அவருடைய சட்டை, மீசை, தலைமயிர் எல்லாம் அந்த நாற்றம் அடிக்கும். "பேதி மருந்து கடையாட்டம் நாறுது, மொதல்ல போய்க் குளிங்க" என்று அம்மா கத்துவாள். அவரோ எங்களையெல்லாம் கட்டிப் பிடித்து அந்த நாற்றத்தை எங்களுக்கும் ஏற்றிவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

நைனா ரேஸ் ஓட்டப் பிறந்தவர் ஒன்றும் இல்லை. மெட்ராஸ் முதலாளி ஒருவரின் லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தார். முதலாளிக்கு ரேஸ் பைத்தியம். பழைய பியட் எஞ்சின் ஒன்றை வைத்து, கூரையில்லாமல், ஒரே ஆள் உட்காரும்படி, வெண்டைக்காய் மாதிரி நீளமாக ஒரு வண்டியை நைனாவை விட்டே கட்டச் சொன்னார். ஒரு வருஷம் பந்தய நேரம் பார்த்து முதலாளிக்கு அம்மை போட்டுவிட்டது. "கட்டினவனே ஓட்டட்டும்" என்று சொல்லியனுப்பினார். கட்டினவனே ஓட்டினான், ஜெயித்தும் தொலைத்தான். அதற்கப்புறம் முதலாளி அந்த வண்டியில் ஏறவே இல்லை. அறுபதுகளின் கடைசி வருஷங்களில் சோழவரத்தில் நைனாதான் சாம்பியன். பெங்களூர், கல்கத்தா என்று போய் அங்கேயும் ஜெயித்து வந்தார். கோப்பைகளை வைக்க வீட்டில் அலமாரி ஏது? பெரிய கோப்பையில் அம்மா புளி வைத்திருந்தாள், அதற்கடுத்ததில் கல்லுப்பு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நைனாவுக்கு ஒரு கோழியை அறுக்கக்கூடக் கை வராது. ஞாயிற்றுக்கிழமைக் கோழியை அம்மாதான் அறுப்பாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயதிருக்கும், நானும் அம்மாவும் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. வளைவில் முன்னால் போன வண்டி ஒன்று குறுக்கே திரும்ப, அதன் சக்கரமும் நைனா வண்டியின் சக்கரமும் உரச, அவருடைய வண்டி எழும்பிக் குப்புற விழுந்து, தளத்தின் மேல் தலைகீழாகத் தேய்ந்துகொண்டே போனது. பெரிய வெடிச் சத்தம் கேட்டிருக்கும் என்று நினைப்பீர்கள்; அப்படியெல்லாம் இல்லை, தகர டப்பாவைத் தரையில் இழுக்கிற சத்தந்தான். தூக்கி வெளியே போட்டபோது ஹெல்மெட் தேங்காய் மூடி மாதிரி இரண்டாகக் கிடந்தது, நைனாவின் காதிலிருந்து ரத்தம் வந்தது. கூட்டத்தில் ஒருவன் அந்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்மா, பயப்படாத" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான் பாவம். அம்மா அதைப் பிடுங்கி அவன் மார்பிலேயே அடித்தாள். தலைப்பாகையோடு போகவில்லை என்பது அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்திருந்தது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து, உறைந்த ரத்தத்தை எடுத்து, மூடினார்கள். நைனா வெகு நாள் கண் திறக்காமல் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாவை உட்கார வைத்துச் சொன்னார்: "நெத்திக்குப் பின்னால அடி. பேச்சு தடுமாறும், கோவம் வரும். கோவப்பட்டா அது அவர் இல்ல, அந்த அடிதான்னு நெனச்சிக்கோம்மா. பழையபடி ஆகலாம், ஆகாமலும் போகலாம்." இரண்டில் ஒன்றைத்தான் அம்மா காதில் வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்த 'ஆகலாம்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான்; தன் புருஷன், அந்தக் கோழி அறுக்கத் தெரியாத மனுஷன், தனக்குத் திரும்பி வர வேண்டும், அவ்வளவே அவள் கேட்டது.

வந்தவர் வேறு ஆளாக இருந்தார். மொட்டைத் தலையில் ஒரு பக்கம் குழி, இழுத்து இழுத்து நடை. வீட்டுச் சொல்லெல்லாம் போய் ஷெட்டுச் சொல் மட்டும் தங்கியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் "சோக்கு" என்பார். கரண்டிக்கு "ஸ்பேனரு", போர்வைக்கு "கிளட்சு", காலை நாஷ்டாவுக்கு "டீசலு". ஒரு சொல் ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது. நேற்று வேட்டியாக இருந்த "டைனமோ" இன்று என் தம்பியாக இருக்கும். முதலில் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. "சோக்கு" என்று கேட்டவருக்கு அம்மா சோறு போட்டுக் கொண்டுவந்தாள். தட்டை வீசினார், அடுத்த நொடி அம்மாவின் கன்னத்தில் அறை விழுந்தது. அதோடு சிரிப்பு நின்றது.

அதற்கப்புறம் எங்கள் வீடு ஒரு விடுகதை வீடு. சொன்னது புரியாவிட்டால் அடி. 'இன்னா வேணும், சரியா சொல்லுங்க' என்று கேட்டால் இரண்டு மடங்கு அடி. இரும்பு பிடித்துப் பழகிய கை, லேசாகவா விழும்? அம்மாவின் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறார், விரலை முறுக்கி ஒடித்திருக்கிறார், அது கோணலாகவே கூடிக்கொண்டது. ஒரு நாள் பித்தளைச் சொம்பை வீசி அவள் முன்பல் ஒன்றைப் பெயர்த்தார். அம்மா ரத்தத்தைத் துப்பிவிட்டு, "சோக்கா? கிளட்சா? காட்டுங்க, கையால காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெருப் பெண்கள் வந்து, "அடிக்கிற கைதான் அணைக்கும், கல்லானாலும் கணவன்" என்றார்கள். "கல்லு சும்மா ஒரு மூலைல கெடக்கும்டி, அடிக்காது" என்று அம்மா பதில் சொன்னாள். அந்தப் பழமொழிகளைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவனை எங்கள் வீட்டில் ஒரு வாரம் குடிவைத்திருப்பேன்.

ஆனால் ஒன்று. அடிக்கும்போது நைனா ஒரு வார்த்தை கத்துவார். "பிரேக்கு புடிக்கல! பிரேக்கு புடிக்கல!" அம்மாவை அடித்துக்கொண்டே, தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் ஒழுகக் கத்துவார். நாங்கள் அதையும் மற்ற உளறலோடு உளறலாகத்தான் எடுத்துக்கொண்டோம். அம்மா ஒருத்திதான் அதற்கு அர்த்தம் கண்டாள். அடுப்பங்கரையில் உதட்டுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நிறுத்தணும்னு பாக்கறாருடி. நிக்க மாட்டேங்குது. உள்ள ஆளு கீறாரு."

பொதட்டூர்பேட்டையிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். தங்கையின் பல் போன வாயைப் பார்த்தார். "இவனக் கீழ்ப்பாக்கத்துல தள்ளிட்டு நட, புள்ளைங்களக் கூட்டிக்கினு நம்ம ஊட்டுக்கு" என்றார். அம்மா நகரவில்லை. மாமா வெறி பிடித்தவராக நைனாவை இழுத்துப் போய்க் கொல்லைக் கொய்யா மரத்தில் கயிற்றால் கட்டி, விளார் ஒன்றை ஒடித்து விளாசத் தொடங்கினார். நைனா அலறினார். நான், உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழட்டும், இன்னும் விழட்டும் என்றுதான் இருந்தது. அடுப்பிலிருந்து விறகுக் கட்டையோடு அம்மா ஓடி வந்தாள். மாமாவின் முழங்கையில் இறங்கிய அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"அவரு அடிச்சா அடிக்கறது அவரில்ல. நீ நல்லா இருந்துக்கினு, தெரிஞ்சிக்கினு அடிக்கறியேடா பாவி!"

"இனிமே எனக்குத் தங்கச்சி இல்ல" என்று சொல்லிவிட்டு மாமா கையைத் தாங்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார். அம்மா கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்ந்த கையால் நைனா முதலில் அவளைத்தான் அறைந்தார்.

எப்போது குறையத் தொடங்கியது என்று தேதி சொல்ல முடியாது. ஒரு மழைக்காலம் முடிந்து பனி தொடங்கிய சமயம், காலையில் நைனா எழுந்து உட்கார்ந்து, "தண்ணி" என்றார். அம்மா சொம்போடு நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க." "தண்ணி" என்றார் எரிச்சலாக. அறை விழவில்லை. அதன் பிறகு சோறு வந்தது, வேட்டி வந்தது, எங்கள் பெயர்கள் வந்தன; சொற்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பத் திரும்பக் கை இறங்கிப்போனது. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால், பிற்பாடு எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் ஆலைகள் எழும்பியபோது ஒரு ரோலிங் மில் வாசலில் காவலுக்குப் போனார். சாம்பியன் சல்யூட் அடித்துக் கதவு திறந்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

வருத்தம் எனக்குத்தான், வருத்தம்கூட இல்லை, எரிச்சல். ஏனென்றால் அவருக்கு அந்தக் காலம் முழுக்கவே மறந்துவிட்டது. பந்தயத்தன்று காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகம் இருந்தது. அதற்கடுத்து நினைவில் நின்றது அந்தத் தண்ணீர். நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் அம்மாவை உற்றுப் பார்த்து, "பல்லு எப்டி போச்சு?" என்று கேட்டார். அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "அடிபம்பு கிட்ட வழுக்கி விழுந்தேன்" என்றாள். மனுஷர் துடித்துப்போய்விட்டார். மறுநாளே ஒரு மூட்டை சிமெண்டு வாங்கி வந்து, பம்பைச் சுற்றித் தளம் போட்டு, வழுக்காமல் இருக்கத் துடைப்பக்குச்சியால் கோடு கோடாகக் கீறிவிட்டார். "இனிமே உளுவ மாட்ட" என்றார். அம்மா முகத்தில் அன்று இருந்த பூரிப்பை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு அவள் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கோ அந்தத் தளத்தைக் கடப்பாரையால் பெயர்த்துப் போட வேண்டும் போல் இருந்தது.

இன்று சோழவரத்தில் பந்தயம் இல்லை, அது வேறு பக்கம் போய்ப் பல காலமாகிறது. அந்த ரோலிங் மில்லும் இல்லை. போன ஐப்பசியில் அம்மாவும் போய்விட்டாள். கருமாதிக்கு மாமா வந்திருந்தார், சரியாகக் கூடாத முழங்கையோடு. அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, எண்பது தாண்டிய நைனா, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இத்தினி வருசத்துல ஒரு நாள் அவ மேல கை ஓங்கனது கெடயாது." மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எல்லோரும் போனபின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்: "அம்மா பல்லு வழுக்கி உளுந்து போவல நைனா. அடிச்சதுல போச்சு. அந்த வெரலும் அடிச்சதுலதான்."

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"எவன்? எவன் அவன்? சொல்லும்மா, ஊடு எங்க கீதுன்னு காட்டு. அவன் கைய ஒடச்சிட்டுதான் வருவேன்."

"அவன் செத்துப்போயி ரொம்ப வருசமாச்சு, நைனா" என்றேன்.

அவர் நம்பவில்லை. குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.