ஆஸ்பத்திரியில் என்று சொன்னேன்

என் வீட்டுக்காரர் இறந்த நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, நட்சத்திரம் சரியில்லை, அடைப்பு என்றார் ஐயர். உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டுமாம். நாள் பார்த்தா மனுஷன் சாகிறான் என்று கேட்க வாய் துடித்தது. கேட்காமல் பூட்டினேன்.

அதற்கு முன் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். பேச்சு குழறிய பிறகும் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னார். "என்ன வூட்டுக்கு இட்டுக்கினு போயிடு." டாக்டர் திட்டினார், மகள் அழுதாள். யார் பேச்சையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தேன். பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டை செய்த சம்பளத்தில், அறை அறையாக அவர் கட்டிய வீடு இது. தன் கட்டிலில் படுத்து, ஜன்னல் வழியே தென்னையைப் பார்த்தபடி மூன்றாம் நாள் காலையில் போனார். இத்தனை வருஷத்தில் அவருக்காக நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு மூட்டு வலி. தனியாக அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. வீட்டை விற்றால் திருப்பூரில் மகள் வீட்டுப் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று வாங்கலாம்.

"புரோக்கரு மட்டும் வேணாம்மா" என்றாள் மகள். "எந்த வூட்ல எப்ப சாவு வுழுந்துச்சுன்னு அவுங்களுக்கு அத்துப்படி. அடைப்பு வூடுன்னு சொல்லி அடிமாட்டு வெலைக்குக் கேப்பாங்க."

நானே அட்டையில் எழுதி கேட்டில் கட்டினேன். மூன்று குடும்பம் வந்தது. மூன்றும் பூட்டைப் பார்த்து ஏன் என்று கேட்டது. உள்ளதைச் சொன்னேன். கொடுத்த டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

நாலாம் மாதமே பூட்டைத் திறந்தேன். தரையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கட்டிலைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டேன். இதற்கு மேல் எனக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

அடுத்து திட்டக்குடியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, கூடவே அவன் அம்மா. வீடு பிடித்துவிட்டது. அந்த அம்மா மட்டும் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அய்யா எங்க தவறுனாரு?"

"ஆஸ்பத்திரிலதாங்க."

"வூட்ல இல்லியே?"

"இல்லிங்க. பாண்டிச்சேரியிலயே முடிஞ்சி போச்சு."

நாக்கு கூசவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கும்போது மறுபடி கேட்டார், ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை நான் கட்டில் நம்பர் வரைக்கும் சொன்னேன். நம்பி வாங்குகிறவர்களை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தியது. ஆனால் அதைவிட, அவரைத் திரும்பத் திரும்ப அந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ப் போடுகிறேனே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சாவி கொடுத்த அன்று சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றிப் புடவையில் சுற்றினேன். அந்த அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனசு, கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"ஆசயா கட்டுன வூடும்மா. கடைசியா ஒரு தடவ அவர இங்க இட்டாந்திருக்கக் கூடாதா?"

"எனக்குத் தோணலிங்க" என்றேன்.