கடைசிப் பெட்டியில் சாக்பீஸ் குறி

ரயில் ஷெட்டில் அவருக்குக் ‘காது’ என்றுதான் பேர். இருபத்திரண்டு வருஷமாகச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்பதே வேலை. நல்ல சக்கரம் கணீரென்று பேசும், விரிசல் விட்டது மொத்தென்று முனகும். தட்டி முடித்த பெட்டியில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு நடுவில் கோடு இழுப்பார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலை ரயில் ஏறியது இதுதான் முதல் தடவை. ஆறு வருஷம் நச்சரித்துப் பெண்டாட்டி வாங்க வைத்த லீவு. ஜன்னலை ஒட்டி மேகம் போனது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அதலபாதாளம். இவரோ குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மலையைப் பாருங்கன்னு கூட்டிட்டு வந்தா காலடியைப் பாக்கறீங்க. வீட்ல தரை இல்லையா?” என்றாள் மனைவி. மகள் சிரித்தாள்.

அவர் நிமிரவில்லை. நேற்று சாயங்காலம், லீவு பாரத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரி கிளம்பிவிடுவாரே என்ற அவசரத்தில், கடைசிப் பெட்டியின் வலது பக்கச் சக்கரம் நாலையும் தட்டாமலே குறி போட்டுவிட்டு ஓடியிருந்தார். ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தார். காலையில் பார்த்தால் டிக்கெட் அதே பெட்டியில்.

ஏற்றம் செங்குத்தானதும் அவர் காலுக்கடியில் டொக், டொக் என்று கேட்டது. தண்டவாள இணைப்பு என்று மனசைத் தேற்றிப் பார்த்தார். ஆனால் இணைப்புச் சத்தம் பெட்டியின் முன்னாலிருந்து பின்னால் ஓடும். இது ஒரே இடத்தில் நின்று தட்டியது. சொன்னால் வேலை போகும், குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போகும். சொல்லாவிட்டால்? அடுத்த ஸ்டேஷன் தாண்டியதும் பெரிய பாலம். மகள் அவர் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

ஸ்டேஷனில் வண்டி நின்றதும் குதித்து கார்டிடம் ஓடினார். “சார், பச்சைக்கொடி காட்டாதீங்க. எங்க பெட்டிச் சக்கரத்துல சத்தம் வருது. நான் ஷெட்டுல தட்டுறவன். சுத்தியல் இருந்தா குடுங்க.”

கார்டு ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். வலது பக்கம் மூன்று சக்கரம் கணீரென்றது. நாலாவது மொத்தென்றது.

கார்டு குனிந்து டார்ச் அடித்தார். விளிம்பில் விரல் நீளத்துக்கு விரிசல். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் கூடிவிட்டது. யாரோ காதின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

“எங்க வீட்டுக்காரர் காதுக்கு எதுவும் தப்பாது” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவள் இத்தனை பேர் முன்னால் அவரைப் பெருமையாகப் பேசியதே இல்லை.

கார்டு நோட்டை எடுத்தார். “இதுக்கும் ஒருத்தன் குறி போட்டு அனுப்பியிருக்கான் பாருங்க. யார்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்.”

“விடாதீங்க சார். அவனுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருக்காதா?” என்றாள் மனைவி.

காது சுத்தியலைக் கீழே வைத்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் இந்த ஒரு நாளாவது தப்பிக்கலாம். ஆனாலும் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எழுதிக்குங்க சார். குறி என்னுதுதான். இந்த நாலையும் நான் தட்டல.”

மனைவி அந்த வட்டத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மகளை அவர் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.